நஞ்சேறிய நிலத்தைச் சீர்செய்ய அரசு நிறுவனம் அமர்த்தும்போது பக்கத்து நிலத்துக்காரர் கவனிக்க வேண்டியவை

நிலம் களராகி விட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது உழவர்களுக்குத் தெரியும். மண்ணைப் பரிசோதித்து, தேவையான ஜிப்சத்தை இட்டு, தண்ணீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் சில போகங்களில் நிலம் வழிக்கு வந்துவிடும். இதை நாமே செய்து கொள்ளலாம். ஆனால் தொழிற்சாலைக் கழிவால் மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டுவிட்டால் அதைத் தனி ஒருவர் சீர்செய்ய முடியாது. அரசு தலையிட வேண்டியுள்ளது. அரசிடமும் இதற்கென்று மண்வெட்டியும் ஆட்களும் கிடையாது. பொறியியல் நிறுவனங்களை அமர்த்தித்தான் இந்த வேலையைச் செய்கிறது. அந்த நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், என்ன வேலை என்று எழுதிக் கொடுக்கிறார்கள் என்பவை உங்கள் கிணற்று நீரை நேரடியாகப் பாதிக்கும் விஷயங்கள். ஆனால் இவை பெரும்பாலும் நமக்குத் தெரியாமலேயே முடிந்து விடுகின்றன.

இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையை எடுத்துக் கொள்வோம். அங்கே 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ்' என்ற ஆலை 1975 முதல் 1995 வரை தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்தது. ஆலை மூடப்பட்ட பின்னும் வளாகத்தில் கொட்டிய கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாதது, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தது. மழைக்காலத்தில் அதிலிருந்து மஞ்சள் நிற நீர் கசிந்து சுற்றுப்புறத்திற்குப் பரவியது. 10 டன் ஏற்றும் லாரியில் அள்ளினால் ஒன்றரை லட்சம் டன் என்பது 15,000 நடை. அள்ளி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கொட்டும் ஊர்க்காரர்கள் சம்மதிப்பார்களா? கேள்விகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

குரோமியம் மண்ணில் எப்படி நடந்து கொள்கிறது?

குரோமியம் மண்ணில் முக்கியமாக இரண்டு வடிவங்களில் இருக்கும். மூவிணைதிறன் குரோமியம் களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொள்ளும். நீரில் எளிதில் கரையாது. பயிரும் அதிகம் உறிஞ்சாது. ஆறிணைதிறன் குரோமியம்தான் ஆபத்தானது. இது நீரில் கரைந்து, நீர் போகும் பக்கமெல்லாம் போகும். களர்த்தன்மை உள்ள மண்ணில் இன்னும் எளிதாக நகரும். நீருக்கு மஞ்சள் நிறம் தருவது இதுவே. புற்றுநோய் உண்டாக்கக் கூடியதும் இதுவே. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரக் கட்டளை. பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை நிறுவனம் கூறும் உச்ச அளவு லிட்டருக்கு 0.1 மில்லி கிராம்.

ஆறிணைதிறன் குரோமியத்தை மூவிணைதிறனாக மாற்றினால் அது மண்ணிலேயே கட்டுப்பட்டு விடும். இதற்குப் பயன்படும் பொருள்களில் ஒன்று நமக்குப் பழக்கமானது. நிலக்கடலையில் இலை வெளுத்தால் தெளிக்கிறோமே, அதே அன்னபேதி உப்புதான். தொழு உரம் போன்ற அங்ககப் பொருள்களும் இந்த மாற்றத்துக்கு உதவும். ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் ஒரு பகுதி மீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்பவும் கூடும். ஆகவே மருந்து போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று எந்த நிறுவனமும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக முடியாது.

இங்கே உழவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாலாற்றுப் படுகையில் பயிர் கருகுவதற்குக் காரணம் எல்லா இடத்திலும் குரோமியம் அன்று. தோலைப் பதப்படுத்தி வைக்க ஏராளமாகச் சாதாரண உப்பு பயன்படுகிறது. அந்த உப்பு கழிவு நீருடன் வந்து கிணறுகளை உவராக்கி விடுகிறது. பாசன நீரின் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசி சைமனுக்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆபத்து. தென்னை ஓரளவு தாங்கும். அவரை, பீன்ஸ் தாங்காது. சுத்திகரிப்புத் திட்டத்தில் 'குரோமியம்' என்று மட்டும் எழுதியிருந்தால், குரோமியம் முழுவதும் நீங்கிய பிறகும் உங்கள் கிணறு உவராகவே இருக்கும். நிறுவனத்தின் மீது குறை சொல்லவும் முடியாது. அவர்களிடம் கேட்ட வேலையை அவர்கள் செய்து முடித்து விட்டார்கள்.

ஒரு வேலை அல்ல, நான்கு வேலைகள்

'சுத்தம் செய்ய ஒரு கம்பெனி வருகிறது' என்று ஊரில் பேசிக் கொள்வார்கள். உண்மையில் இதில் நான்கு தனித்தனி வேலைகள் உள்ளன. எங்கே, எவ்வளவு ஆழத்திற்கு, என்ன நஞ்சு பரவியுள்ளது என்று ஆய்வு செய்வது முதல் வேலை. எப்படிச் சரிசெய்வது என்று திட்டமும் வரைபடமும் தயாரிப்பது இரண்டாவது. மண்ணை வெட்டுவது, மூடுவது, நீரை இறைத்துச் சுத்திகரிப்பது போன்ற களப்பணி மூன்றாவது. சரியாகச் செய்தார்களா என்று மண்ணையும் நீரையும் மீண்டும் எடுத்துச் சோதிப்பது நான்காவது.

இந்த நான்கையும் ஒரே நிறுவனத்திடம் கொடுப்பது நல்லதல்ல. ஆய்வு செய்பவரே வெட்டும் வேலையும் செய்வார் என்றால், வெட்ட வேண்டிய மண் தேவைக்கு மேல் அதிகமாகத் தோன்றலாம். வெட்டியவரே சோதிப்பார் என்றால் மீதி இருக்கும் நஞ்சு குறைவாகத் தோன்றலாம். மத்திய அரசின் கொள்முதல் கையேட்டிலும், உலக வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களிலும், ஆலோசனை கூறிய நிறுவனம் அதிலிருந்து பிறக்கும் களப்பணியை எடுக்கக் கூடாது என்ற விதி உள்ளது. துணை நிறுவனம் மூலம் எடுக்கவும் கூடாது. இந்த விதி உங்கள் ஊரில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

விலையா, தகுதியா?

கிணறு வெட்டக் கொத்து விட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். மூன்று மேஸ்திரிகளைக் கேட்கிறோம். மிகக் குறைந்த தொகை சொன்னவரிடம் விடுகிறோம். 20 அடியில் பாறை வந்ததும் அவர், 'இது என் கணக்கில் இல்லை' என்று நிற்கிறார். அதிகத் தொகை கேட்ட மற்றொருவர் பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்து, பாறை வரும் என்று முதலிலேயே சொல்லியிருப்பார். நிலத்துக்குக் கீழே இருப்பதைக் கண்டுபிடிக்கும் வேலையில் குறைந்த விலை எப்போதும் குறைந்த செலவாக முடிவதில்லை.

இதனால் ஆலோசனைப் பணிகளுக்கு அரசு, தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறையைப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் கூறுகின்றன. நிறுவனங்கள் தொழில்நுட்ப விவரத்தை ஓர் உறையிலும் விலையை மற்றோர் உறையிலும் தர வேண்டும். முதலில் தொழில்நுட்ப உறையைத் திறந்து மதிப்பெண் போடுவார்கள். குறைந்தபட்ச மதிப்பெண் பெறாதவரின் விலை உறை திறக்கப்படாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தரத்துக்கு 70 பங்கு, விலைக்கு 30 பங்கு, குறைந்தபட்சத் தகுதி 70 மதிப்பெண் என்று வைத்துக் கொள்வோம். முதல் நிறுவனம் தரத்தில் 90 மதிப்பெண் பெற்று 60 லட்சம் ரூபாய் கேட்கிறது. இரண்டாவது நிறுவனம் 80 மதிப்பெண். 48 லட்சம் கேட்கிறது. மூன்றாவது 65 மதிப்பெண்தான். ஆனால் 30 லட்சத்துக்கே செய்வதாக எழுதியுள்ளது. மூன்றாவது நிறுவனம் முதலிலேயே விலகி விடும். அதன் 30 லட்ச ரூபாய் உறையை யாரும் பார்க்கப் போவதில்லை. மீதி இருவரில் குறைந்த விலையான 48 லட்சத்துக்கு 100 மதிப்பெண். 60 லட்சத்துக்கு 48-ஐ 60-ஆல் வகுத்து 80 மதிப்பெண். இப்போது கூட்டுவோம். முதல் நிறுவனத்துக்கு 90-இல் 70 சதம் 63, 80-இல் 30 சதம் 24, மொத்தம் 87. இரண்டாவதற்கு 56-ம் 30-ம் சேர்த்து 86. ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் முதல் நிறுவனம் வேலையைப் பெறுகிறது. விலையை மட்டும் பார்த்திருந்தால் 65 மதிப்பெண் நிறுவனமே வந்திருக்கும்.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போயுள்ளது. அங்கே 1972-இல் புரூக்ஸ் சட்டம் என்ற ஒன்று நிறைவேறியது. மத்திய அரசுத் துறைகள் பொறியியல் நிறுவனங்களை அமர்த்தும்போது விலையை முதலில் கேட்கவே கூடாது. தகுதியை மட்டும் பார்த்து, குறைந்தது மூன்று நிறுவனங்களுடன் பேசி, தர வரிசைப்படுத்த வேண்டும். முதலிடம் பெற்றவருடன் நியாயமான தொகையைப் பேச வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் அவரை விட்டுவிட்டு இரண்டாமவரிடம் போக வேண்டும். பிறகு நயாகரா நகரத்தின் லவ் கால்வாய் விவகாரம் வெடித்தது. ஹூக்கர் என்ற இரசாயனக் கம்பெனி 1942 முதல் 1950-களின் தொடக்கம் வரை ஒரு பழைய கால்வாயில் ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்து, 1953-இல் அந்த நிலத்தைப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. அங்கே பள்ளியும் வீடுகளும் எழுந்தன. 1978-இல் அவசர நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1980-இல் 'சூப்பர்ஃபண்ட்' எனப்படும் சட்டம் வந்தது. நஞ்சேறிய நிலங்களைச் சீர்செய்யப் பொறியியல் நிறுவனங்கள் பெருமளவில் தேவைப்பட்டன. ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் புரூக்ஸ் சட்ட முறையே அங்கே பயன்படுகிறது.

என் கருத்து இது. ஆய்வு, திட்டம், சோதனை ஆகிய மூன்றுக்கும் தகுதிக்கே முதலிடம் தர வேண்டும். அளந்து கொடுத்த மண்ணை வெட்டி ஏற்றும் வேலைக்குக் குறைந்த விலை டெண்டர் போதும். அதில் தகுதி என்ற பெயரில் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுவதற்குத்தான் வழி பிறக்கும். தகுதி மதிப்பெண்ணிலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. ஆகவே எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது டெண்டர் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

இன்னொரு தந்திரத்தையும் அறிந்து வைத்துக் கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் 25 ஆண்டு அனுபவமுள்ள நிலத்தடி நீர் வல்லுநரின் பெயர் இருக்கும். களத்துக்கு வருபவர் நேற்றுப் படிப்பு முடித்த இளைஞராக இருப்பார். முக்கியப் பணியாளர்களை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம். எழுதியதோடு சரி. மண் மாதிரி எடுக்க வருபவரிடம் பெயரையும் பொறுப்பையும் மரியாதையாகக் கேட்டுக் குறித்து வையுங்கள்.

வேலை விவரக் குறிப்பில் உங்கள் கிணறு

டெண்டர் விடுவதற்கு முன் அரசு 'வேலை விவரக் குறிப்பு' ஒன்றைத் தயாரிக்கும். எந்த எல்லைக்குள், எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பருவத்தில், என்னென்ன பொருள்களைச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். நிறுவனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதில் இல்லாததைச் செய்யாது. செய்தால் அதற்குப் பணம் வராது. உழவர்கள் தலையிட வேண்டிய நேரம் இந்தக் குறிப்பு தயாராகும் நேரமே. வேலை உத்தரவு கொடுத்த பிறகு மனுக் கொடுத்தால் 'திட்டத்தில் இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும்.

குறிப்பின் எல்லை ஆலையின் மதில் சுவரோடு முடிந்துவிடக் கூடாது. நிலத்தடி நீருக்கு மதில் தெரியாது. நீரோட்டம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் உள்ள பாசனக் கிணறுகளும் சேர்க்கப்பட வேண்டும். எந்தக் கிணறு முதலில் நிறம் மாறியது, எந்த ஆண்டு, எந்த வயலில் நெல் பொக்கானது என்பது உங்களுக்குத்தான் தெரியும். புல எண்ணுடன் எழுதிக் கொடுத்தால் பொறியாளருக்கு அது பெரிய உதவி. பருவமும் முக்கியம். சித்திரையில் மட்டும் மாதிரி எடுத்தால் கிணற்றில் நீர் குறைந்து உப்பு கெட்டிப்பட்டிருக்கும். ஐப்பசி மழையில் குவியலிலிருந்து கரைந்து வரும் குரோமியம் கணக்கில் வராது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று இரு தடவையாவது எடுக்க வேண்டும். வயலில் 15, 30, 60 சென்டி மீட்டர் ஆழங்களில் தனித்தனியாக எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து ஒரே பொட்டலமாக்கினால் மேல்மண்ணில் உள்ள நஞ்சு, அடிமண்ணோடு கலந்து குறைவாகத் தெரியும்.

எவ்வளவு சுத்தம் போதும்?

கொடைக்கானலில் வெப்பமானி தயாரித்த தொழிற்சாலை பாதரசக் கழிவு வெளியானதால் 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பும் செலவும் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தைச் சேர்ந்தது. எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது அரசு வாரியத்தின் வேலை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லி கிராம் பாதரசம் என்ற அளவு வகுக்கப்பட்டது. அது போதாது, சோலைக் காட்டுக்குப் பக்கத்தில் இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் வாதாடினர்.

இந்த எண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு வழக்கு? கனடா நாட்டின் மண் தர அளவுகளைப் பார்த்தால் புரியும். பாதரசத்துக்கு விவசாய நிலத்தில் கிலோவுக்கு 6.6 மில்லி கிராம், வணிக நிலத்தில் 24, தொழிற்சாலை நிலத்தில் 50 என்று நிலத்தின் பயனைப் பொறுத்து வகுத்துள்ளார்கள். மொத்தக் குரோமியத்துக்கு விவசாய நிலத்தில் 64, தொழிற்சாலை நிலத்தில் 87. ஆகவே ஆவணத்தில் 'தொழிற்சாலை உபயோகம்' என்று எழுதினால் குறைவாக வெட்டினால் போதும், செலவு மிச்சம். அந்த மண்ணின் மேல் விழுந்த மழைநீர் உங்கள் வரப்பைத் தாண்டி வருகிறது என்பது கணக்கில் சேராது. குறிப்பைப் படிக்கும்போது முதலில் நிலப் பயன் என்ன என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும்

ஓர் ஏக்கரை ஓர் அடி ஆழத்துக்கு வெட்டினால் 43,560 கன அடி. நம் கணக்கில் 435 யூனிட்டுக்குச் சற்று அதிகம். வெட்டிய மண் இளகி, கால் பங்கு கூடும். 3 யூனிட் லாரியில் 180 நடை வரை ஆகும். களப்பணி ஒப்பந்தத்தில் பணம் பெரும்பாலும் கன அளவுக்கோ எடைக்கோ கொடுக்கப்படுகிறது. எனவே வெட்டுவதற்கு முன்னும் பின்னும் மட்டம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு லாரிக்கும் புறப்பட்ட இடம், எடை, போய்ச் சேர்ந்த இடம் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி போன்ற பாதுகாக்கப்பட்ட நிலநிரப்புக் களத்துக்குப் போக வேண்டிய மண் வழியில் ஏதாவது ஓடையில் இறங்கி விட்டால், ஓர் ஊரின் நஞ்சு இன்னோர் ஊருக்குப் போனது என்றுதான் அர்த்தம்.

வெட்டிய பள்ளத்தை எந்த மண்ணால் நிரப்புவார்கள் என்பதைப் பொறியாளர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அவர்களுக்கு மட்டம் சரியானால் போதும். நமக்கு அப்படி அன்று. கல்குவாரி ஓரத்துச் செம்மண்ணைப் போட்டு ரோலர் ஓட்டினால் அந்த நிலம் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். பயிர் வேர் இறங்காது. நிலம் சமப்படுத்தும்போது மேல்மண்ணை ஓரமாக ஒதுக்கி வைத்துப் பிறகு பரப்புவது நம் பழக்கம். அதே போல நஞ்சு ஏறாத மேல்மண்ணைத் தனியே சேமித்து வைக்க வேண்டும். நிரப்பும் மண்ணுக்கும் பரிசோதனைச் சான்று வேண்டும். ஏரி வண்டல் நல்லதுதான். ஆனால் அந்த ஏரியிலேயே கழிவு நீர் கலந்திருந்தால் என்ன பயன்? விவசாய நிலமாகத் திருப்பித் தருவதாக இருந்தால் மேல்மண்ணின் ஆழம், அங்ககக் கரிமம், பி.எச்., மின் கடத்தும் திறன் ஆகியவற்றை வேலை விவரக் குறிப்பிலேயே எண்ணாக எழுத வேண்டும். 'நிலம் பசுமையாக்கப்படும்' என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. சீமைக் கருவேலும் பசுமைதான்.

செலவு யாருடையது?

கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் உறுதி செய்தது. அதன்படி அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001-இல் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 29,000 பேருக்கு இழப்பீடு நிர்ணயித்தது. அதே பாலாற்றுப் பிரச்சினை மீண்டும் உச்ச நீதிமன்றம் போய், 2025 ஜனவரி 30-இல் இழப்பீட்டை வழங்கி ஆலைகளிடம் வசூலிக்கவும், ஆற்றைச் சீர்செய்ய வல்லுநர் குழு அமைக்கவும் உத்தரவு வந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகள்.

2025 ஜூலையில் மத்திய அரசு நஞ்சேறிய இடங்களை நிர்வகிப்பதற்கான விதிகளை வெளியிட்டது. இதன்படி சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதல் ஆய்வை 90 நாளிலும், விரிவான ஆய்வை அடுத்த மூன்று மாதத்திலும் முடிக்க வேண்டும். வல்லுநர் நிறுவனம் ஒன்று சீரமைப்புத் திட்டம் தர வேண்டும். கெடுத்தவர் யார் என்று கண்டறிந்து அவரிடம் செலவை வாங்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். சுரங்கக் கழிவும் நகராட்சிக் குப்பைமேடும் இந்த விதிகளில் அடங்கா. ஆய்வுகளுக்கு நாள் குறித்தவர்கள், நிலத்தைச் சுத்தம் செய்து முடிப்பதற்கு நாள் குறிக்கவில்லை. அந்தத் தேதியை ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க வேண்டும். பட்டியலில் சேர்க்கும் முதல் வேலை ஊராட்சியிடமிருந்தே தொடங்கலாம் என்பதால், கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கும், வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். டெண்டர் அறிவிப்புகளை அரசின் டெண்டர் இணையதளத்தில் பார்க்கலாம். வேலை விவரக் குறிப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

அமெரிக்காவில் 1986-இல் சேர்த்த ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. நஞ்சேறிய இடத்துக்கு அருகில் வாழும் மக்கள் குழு, அரசு அமர்த்திய நிறுவனத்தின் அறிக்கைகளைப் படித்து விளக்கித் தம் பக்கம் நின்று பேச ஒரு வல்லுநரை அமர்த்திக் கொள்ள 50,000 டாலர் வரை அரசே மானியம் தருகிறது. நமக்கு அத்தகைய மானியம் இல்லை. எனினும் அருகிலுள்ள வேளாண்மைக் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ மண்ணியல், நிலத்தடி நீர் படித்தவர்களிடம் அறிக்கையைக் கொண்டு போய்க் கேட்கலாம். எங்களிடம் கொண்டு வருபவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை.

இப்போதே எடுக்க வேண்டிய நீர் மாதிரி

எந்த நிறுவனமும் வருவதற்கு முன் உங்கள் கிணற்று நீரின் நிலை என்ன என்பதற்கு ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும். வேலை முடிந்த பின் நீர் திருந்தியதா, கெட்டதா என்று ஒப்பிட இதைத் தவிர வேறு வழியில்லை. மண் ஆய்வுக் கூடங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனையில் பி.எச்., மின் கடத்தும் திறன், உப்புகள் தெரியும். குரோமியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் அதில் வராது. இவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை நாட வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முதலில் விசாரியுங்கள்.

மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, குழாயில் தேங்கிய நீர் போன பிறகு மாதிரி எடுக்க வேண்டும். பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். உரம், பூச்சிமருந்து இருந்த புட்டியில் எடுக்கவே கூடாது. ஆறிணைதிறன் குரோமியம் சோதிப்பதாக இருந்தால் பாட்டிலைப் பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். தாமதமானால் குரோமியம் பாட்டிலிலேயே வடிவம் மாறிவிடும், அறிக்கையில் குறைவாகக் காட்டும். பாட்டிலின் மேல் தேதி, நேரம், புல எண், கிணற்றின் ஆழம், நீர்மட்டம் ஆகியவற்றை அழியாத மையால் எழுதி, பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.